புளி போட்டுத் துலக்கிய காசு

குறுக்குத்துறையில் வெள்ளம் வடிந்த பிறகு, படித்துறைக்குக் கீழே ஈர மணலில் வேணி அதைக் கண்டெடுத்தாள். ஒரு ரூபாயைவிடச் சற்றுச் சிறிய செப்புக்காசு. பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் தட்டச்சரான அவள் நாணயக் கழகத்தில் உறுப்பினர். ரோமானியக் காசுகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தவள். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. பூஜைப் பாத்திரங்களுக்கு ஊறவைத்த புளி கையில் இருந்தது. குத்துவிளக்கோடு சேர்த்துக் காசையும் தேய்த்துவிட்டாள். களிம்பு போனது. எழுத்துகளும் பெரும்பாலும் அதோடு போயின.

கழகத்தின் கண்காட்சி இன்று காலை பள்ளி மண்டபமொன்றில் திறக்கிறது. அது முடிந்ததும் வேணியின் காசு அருங்காட்சியகத்துக்குப் போகும்; அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். இங்கே எந்தப் பெயரில் வைக்கிறார்களோ அந்தப் பெயரில் போகும். ஒன்று, ரோமானியப் பெட்டி. இல்லையென்றால், மூலையில் 'அடையாளம் தெரியாதவை' என்று அட்டை வைத்த தட்டு. அந்தத் தட்டில் விழுந்ததை அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

செயலாளர் அம்மையப்பன் டவுணில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டு நேராக வந்திருந்தார். நெற்றியில் மட்டுமல்ல, விரலிலும் திருநீறு.

"இதுல நான் என்னத்தப் பாக்க, வேணி? குளிப்பாட்டி, பவுடர் போட்டுல்லா கூட்டிட்டு வந்திருக்க."

"ரோமானியக் காசோட எடைக்குச் சரியா இருக்கு அண்ணாச்சி. முன்பக்கம் தலையும் தெரியுது."

"தலை யாருக்குத்தான் இல்ல? எதிர்ல நிக்கானே சல்மான், அவனுக்கும்தான் இருக்கு. ராஜா பேரு வேணும், இல்ல அச்சடிச்ச ஊரு வேணும். ரெண்டும் இல்லாம பெட்டியத் திறக்க மாட்டேன்."

மேசைக்கு அந்தப் பக்கம் பெட்டிகளின் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த பேட்டை சல்மான் ஃபாரிஸ், கழகத்தின் பொருளாளர், நிமிர்ந்தான். "என் தலைய எதுக்கு அண்ணாச்சி இழுக்குதிய?"

அம்மையப்பன் காசின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். "வழுவழுன்னு இருக்கு. இதுல என்ன இருக்கு?" கறுப்புத் துணிமேல் போட்டார்.

எடுக்கப் போன வேணியின் கை பாதியில் நின்றது. அவர் விரலிலிருந்த திருநீறு பள்ளங்களில் தங்கி, கண்ணுக்குத் தெரியாத கோடுகளெல்லாம் வெள்ளையாக எழுந்திருந்தன.

"தொடாதிய அண்ணாச்சி."

கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தாள். மேலே ஏதோ கிறுக்கல். அதன்கீழ் வரிவரியாகக் கட்டங்கள். அடியில் இரண்டு குட்டைக் கால்கள். கால்களுக்கு நடுவே ஒரு நட்சத்திரம்.

அம்மையப்பன் குனிந்தார். "மணை. கால் வச்ச மணை. ரோமாபுரியில யாருக்குக் கல்யாணம்?"

வேணி கைபேசியை இன்னும் சாய்த்தாள். இப்படி ஒரு மணையை எந்த ரோமானியக் காசிலும் அவள் பார்த்ததில்லை.

"மணையா?" என்றான் சல்மான். "எனக்கு இங்கன இருந்து பாத்தா கோட்டை வாசல்லா தெரியுது."

வேணி அவனைப் பார்த்தாள். அவன் எதிர்ப்பக்கம் நிற்கிறான். இத்தனை நாளும் அவள் நம் ரூபாய்க் காசைப் போலப் பக்கவாட்டில்தான் புரட்டிப் பார்த்திருக்கிறாள்; அம்மையப்பனும் அப்படித்தான் புரட்டிப் போட்டார். நம் காசு அப்படிப் புரட்டினால் இரண்டு பக்கமும் நேராக நிற்கும். இந்தக் காசில் பின்பக்கம் தலைகீழாக அடித்திருக்கிறது. தோசையைப் போல மேல்கீழாகத் திருப்ப வேண்டும். படித்ததுதான். கைப்பழக்கம் விடவில்லை.

மேசையைச் சுற்றி ஓடினாள். முனை இடுப்பில் இடித்ததுகூடத் தெரியவில்லை. கால்கள் இரண்டும் கோபுரங்களாக மேலே நின்றன. நடுவில் நட்சத்திரம். அடுக்கடுக்காகக் கல்வரிசை. கிறுக்கல் என்று நினைத்தது அடிக்கோட்டின் கீழ் எழுத்தாக உட்கார்ந்திருந்தது.

"ஏ... என்... டி." எழுத்து எழுத்தாக வாசித்தாள். "அந்தியோகியா, அண்ணாச்சி. அங்கன அடிச்ச காசு. கான்ஸ்டன்டைன் காலத்துப் பாசறை வாசல். காவல் பலமா இருக்கு, பயப்படாதீங்கன்னு ஜனங்களுக்குச் சொல்லுத படம். ஆயிரத்து எழுநூறு வருசம் ஆச்சு."

"தள்ளுலே." சல்மானை நகர்த்திவிட்டு அம்மையப்பன் அவன் இடத்தில் நின்றார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த கோயில் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, முன்பக்கத்தில் தானே பைய ஒரு விரல் பூசினார். இலைமாலை சூடிய தலை. ஓரத்தில் 'கான்ஸ்ட' வரைக்கும் எழுத்து. அதற்குமேல் வெறும் செம்பு.

"அப்பனா, மகனா?" அம்மையப்பன் நிமிராமலே கேட்டார்.

"அப்பா பேரும் மகன்மார் பேரும் அப்படித்தான் ஆரம்பிக்கும். மிச்சத்த..."

"புளி தின்னுட்டு."

வேணி தலையாட்டினாள். அவர் சாவியை எடுத்து ரோமானியப் பெட்டியைத் திறந்தார். அட்டையில் நிதானமாக எழுதினார்: 'கான்ஸ்டன்டைன் அல்லது அவர் மகன். அந்தியோகியா.' கொஞ்சம் யோசித்து, அடியில் இன்னொரு வரி: 'புளியால் துலக்கப்பட்டது.'

"அதையும் எழுதணுமா அண்ணாச்சி?"

"நாளைக்கு மியூசியத்துல பாக்கவன் குழம்பக் கூடாதுல்லா."

"அப்பம் திருநீறு பூசுனதையும் எழுதுங்க" என்றான் சல்மான்.

"பேசாம கண்ணாடியத் தொடைலே."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வேணி காசைப் பெட்டிக்குள் கோட்டை வாசல் மேலே தெரியும்படி வைத்தாள். மூடுவதற்கு முன் சுற்றிக்கொண்டு பார்வையாளர்கள் நிற்கும் பக்கம் வந்து, அங்கிருந்தும் அது நேராக நிற்கிறதா என்று பார்த்தாள்.