இன்சோல் நுழையாத ஷூ

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போதுதான் ஹெலனுக்கு உயிர் போகும். குதிகாலில் ஆணி இறங்கியதுபோல் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரைக்கும் போய்விட்டால் கொஞ்சம் அடங்கும். சிறுசேரியில் வேலைக்குப் போய் நின்று ஒரு மணி நேரம் ஆனதும் மறுபடி ஆரம்பித்துவிடும்.

அங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வாசலில் அவள் செக்யூரிட்டி. உள்ளே போகிற பெண்களின் கைப்பையைத் திறந்து பார்த்து அனுப்ப வேண்டும். பன்னிரண்டு மணி நேரமும் நின்றபடிதான். பக்கத்தில் நாற்காலி உண்டு, ஆனால் அது ரிஜிஸ்டர் நோட்டு வைக்க. நாற்பத்தேழு வயதில், ஆறு வருடமாக, யூனிஃபார்மோடு ஏஜென்சி கொடுத்த கறுப்பு ஷூவில் நின்றுகொண்டிருந்தாள்.

செங்கல்பட்டில் எலும்பு டாக்டர் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தட்டைப் பாதம்மா. ஊசியெல்லாம் வேணாம், ஷூக்குள்ள வைக்கிற இன்சோல் போட்டுப் பாரு" என்றார். பஞ்சு மாதிரி நுரை அடைத்த ஒரு பெட்டியில் இரண்டு காலையும் அழுத்தச் சொல்லி அச்செடுத்தார்கள். பத்து நாளில் இன்சோல் வந்தது. நடுவில் மேடு, குதிகால் பக்கம் கிண்ணம்போல் குழி. ஒரு விரல் தடிமனுக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்து ஷூவுக்குள் வைத்தாள். வைத்தபின் கால் போகவில்லை. குதிகால் பின்பக்கம் வழிந்து வெளியே நின்றது. முன்னால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

"வேற ஷூ வாங்கிக்கலாம் வுடு" என்றான் அவள் புருஷன் மோசஸ். கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் சவாரிக்குப் போகாமல் அவளை ஏற்றிக்கொண்டான்.

முதல் கடையில் கூர்மூக்கு ஷூ ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். "லேடீஸ்ல கறுப்புன்னா இதான்கா. ஏர்ஹோஸ்டஸ் படிக்கிற பொண்ணுங்க வாங்கினு போவாங்க." இன்சோலே அதில் நுழையவில்லை. இரண்டாவது கடையில் ஆண்கள் ஷூ. அகலம் சரியாக இருந்தது, ஆனால் நாலடி நடப்பதற்குள் பின்பக்கம் கழன்றுகொண்டு வந்தது. மூன்றாவது கடையில் ஸ்கூல் ஷூ. உள்ளே இருக்கிற மெத்தையை எடுத்தால் இடம் கிடைக்குமே என்று மோசஸ் விரலை விட்டு இழுத்தான். "யோவ், அது ஒட்டிகினு கீதுயா! பிச்சிப்புட்டா நீதான் வாங்கணும்!" என்று கடைக்காரர் கத்தினார்.

ஹெலன் எழுந்துவிட்டாள். கடைக்குக் கடை இன்சோலைப் பையிலிருந்து எடுப்பதும், எல்லார் எதிரிலும் காலை நீட்டுவதும், திரும்பப் பைக்குள் போடுவதும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. "வூட்டுக்குப் போலாங்க" என்றாள். மோசஸ் கேட்கவில்லை. செங்கல்பட்டுக்கு விட்டான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில்தான் ஒருவர் அந்த இன்சோலைக் கையில் வாங்கிப் பார்த்தார். உள்ளே போய், ஒரு வாக்கிங் ஷூவைக் கொண்டுவந்து, அதிலிருந்த மெத்தையை உருவிவிட்டு இதை வைத்தார். ஹெலன் கால் விட்டாள். எழுந்து கடைக்கோடிவரை நடந்து திரும்பினாள். யாரோ உள்ளங்கையில் பாதத்தைத் தாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

"நோவுதா?" என்றான் மோசஸ்.

"இல்லங்க." சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஷூ சாம்பல் நிறம். ஓரத்தில் ரோஸ் கோடு. கறுப்பில் இந்த மாடல் வருவதே இல்லையாம். "காலுதான் முக்கியம். எவன் குனிஞ்சி பாக்கப் போறான்?" என்றான் மோசஸ்.

திங்கட்கிழமை பதினோரு மணிவரை யாரும் குனிந்து பார்க்கவில்லை. பக்கத்து மேஜையருகே நிற்கும் கோவளத்துக்காரி சரோஜாதான், "அக்கா, இன்னிக்கி ஒன் மொகமே வேற மாரி கீதுக்கா" என்றாள். பதினொன்றுக்கு சூப்பர்வைசர் திருவேங்கடம் வந்தார். போனை நீட்டினார். ஆபீஸ் நிர்வாகத்திலிருந்து வந்த படம். இடுப்புக்குக் கீழே ஹெலன், காலைச் சுற்றி சிவப்பு வட்டம்.

"டாக்டர் குடுத்தது சார்."

"எனக்குப் புரியுதும்மா. அவுங்களுக்குப் புரியணுமே. நாளைக்கிக் கறுப்புல வந்துடு."

ராத்திரி சமைக்கக்கூட விடாமல் மோசஸ் பாலிஷ் டப்பாவோடு உட்கார்ந்தான். வலைத்துணியில் பாலிஷ் திட்டுத்திட்டாகப் பிடித்தது. தடித்த வெள்ளை அடிப்பாகத்தில் பிடிக்கவே இல்லை. முழு டப்பாவும் தீர்ந்தபிறகு, ஈரத்துணியால் பாலிஷை அவளே துடைத்து எடுத்தாள்.

இரண்டு நாள் பழைய கறுப்பு ஷூவிலேயே நின்றாள். வியாழக்கிழமை டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போனாள். இந்த ஷூதான் போட வேண்டும் என்று முத்திரையோடு எழுதியிருந்தார். திருவேங்கடம் அதை இரண்டு தடவை படித்தார். மடித்து அவள் கையிலேயே வைத்தார்.

"இத்த மேல அனுப்பினா இன்னா கேப்பாங்க தெரியுமா? நிக்க முடியாதவளை எதுக்கு வச்சிகினுகீறன்னு. அன்ஃபிட்டுன்னு எழுதிட்டா முடிஞ்சிச்சி. நான் பாக்கவே இல்லன்னு வச்சிக்க."

"அப்ப நான் இன்னா சார் பண்றது?"

"மாமல்லபுரத்துல ஒரு ரிசார்ட் கீது. அங்க ஷூவெல்லாம் பாக்கமாட்டாங்க. ஆனா நைட்டுதான். மணல்ல ரவுண்டு போய்கினே இருக்கணும். போறியா?"

மணலில் அந்தக் குதிகால். ஹெலன் கடிதத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர்மேல் கோபப்படலாம் என்று பார்த்தாள், முடியவில்லை. அந்த மனிதர் சொன்னது அத்தனையும் சரியாகவே இருந்தது.

இப்போது வீட்டிலிருந்து சாம்பல் ஷூவில் கிளம்புகிறாள். இரண்டு பஸ்ஸிலும் உட்கார்ந்து போகிறாள். கேட்டுக்குப் பின்னால் உடை மாற்றும் அறையில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, இன்சோல் இல்லாத பழைய கறுப்பு ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டு போய் நிற்கிறாள். சாயங்காலம் திரும்ப மாற்றிக்கொள்கிறாள்.

போன வாரம் திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த காலேஜ் பெண் ஒருத்தி குனிந்து பார்த்தாள்.

"ஷூ சூப்பரா இருக்கு ஆன்ட்டி. எங்க வாங்குனீங்க?"

"செங்கல்பட்டுல."

"நடக்க நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா கீதும்மா" என்றாள் ஹெலன்.

கூடுவாஞ்சேரியில் எல்லாரும் இறங்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே மோசஸ் ஆட்டோவைக் கிட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

"இன்னிக்கி எப்படி கீது?"

"பரவால்லங்க" என்றாள். "வண்டிய எடுங்க."