எட்டடி தூர மெயில்

எங்கள் மேலாளர் மெயில் அனுப்பிய கையோடு எட்டடி நடந்து வந்து, "மெயில் பாத்தீங்களா?" என்று கேட்காவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும்.

"இன்னும் இல்ல சார். என்ன விஷயம்?"

"அதான் மெயில்ல இருக்கே."

திறந்தேன். 'உடனே என் அறைக்கு வரவும்.' பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்க கிளம்பிட்டீங்க? முதல்ல பதில் போடுங்க. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குல்ல?"

'வருகிறேன்' என்று தட்டினேன். அவர் அறைக்குப் போய் அதைப் படித்து முடிக்கும்வரை வாசலில் நின்றேன்.

"சொல்லுங்க சார்."

"நேத்து அனுப்பின மெயிலுக்கு நீங்க மட்டும்தான் பதில் போடலை. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

இடத்துக்குத் திரும்பி நேற்றைய மெயிலைத் தேடிப் படித்தேன்.

'இனி யாரும் யாருடைய இடத்துக்கும் நேரில் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது. புரிந்ததா?'

பதில் தட்டுவதற்குள் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.