முதல்ல என் வூட்டுக்கு வாங்க

மேடையேறிவிட்டால் அம்சவல்லிக்குத் தலைகால் புரியாது. இதை மண்ணூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒயர் கம்பெனியில் நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிறவள், கையில் மைக்கைக் கொடுத்தால் போதும், வேறு ஆளாகிவிடுவாள். அந்தக் கைதட்டலுக்கு அவள் ஏங்கினாள், அதில் மறைக்க ஒன்றுமில்லை. வீட்டில் அவளைப் பாராட்ட யார் இருந்தார்கள்?

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனி வாசலில் பட்டிமன்றம் என்றார்கள். தலைப்பைக் கொடுத்தவர் இன்ஸ்பெக்டர் இராமச்சந்திரன். பக்கத்து ஊர்க் கூட்டத்தில் குண்டு வெடித்துத் தலைவர் செத்த மே மாதத்துக்கப்புறம் அந்த வட்டாரத்தில் காக்கிச் சட்டை நடமாடாத தெருவே கிடையாது. தேடப் போனது எதையோ, கையில் சிக்கியதெல்லாம் கஞ்சாப் பொட்டலம் என்று அவருக்கு எரிச்சல். ஆகவே, ‘கஞ்சாவுக்குச் சட்டம் அனுமதி தரலாமா, கூடாதா?’ தரலாம் என்று பேச ஆள் வேண்டுமே, அது சும்மா ஒப்புக்கு. சீட்டுக் குலுக்கியதில் அந்தப் பக்கம் ஸ்டோர் கிளார்க் ஜெபகுமாருக்கு விழுந்தது. கூடாது என்கிற பக்கம் அம்சவல்லிக்கு.

சீட்டைப் பிரித்துப் பார்த்தவள், அதை மடித்துத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். ஏனென்றால் அவள் வீட்டுக் கொல்லையில், குளிக்கிற தட்டிமறைப்புக்குப் பின்னால், துலுக்கச் சாமந்திக்கு நடுவே ஒரு கஞ்சாச் செடி இடுப்புயரத்துக்கு வளர்ந்து நின்றது.

வளர்த்தவன் அவள் புருஷன் புருஷோத்தமன். தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வலது கையை மணிக்கட்டோடு மெஷினுக்குக் கொடுத்தவன். கை போனது ஒரு கஷ்டம் என்றால், போன கை வலிப்பது அதைவிடப் பெரிய கஷ்டம். பொழுது சாய்ந்தால் போதும், இல்லாத விரல்கள் ஐந்தும் உள்ளுக்கு மடங்கும், இல்லாத நகம் இல்லாத உள்ளங்கையில் குத்தும், அவன் சுவரில் தலையை மோதிக்கொள்வான். காஞ்சிபுரத்து டாக்டர் மாத்திரை எழுதினார். கேட்காமல் போகவே, இல்லாத கை எப்படியம்மா வலிக்கும், மனசைத் திடப்படுத்திக்கொள்ளச் சொல் என்று அனுப்பிவிட்டார். அவர் வந்து ஒரு ராத்திரி அந்த வீட்டில் படுத்துப் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் யாரோ ஒரு லாரிக்காரன் கொடுத்த பீடியில் ரெண்டு இழுப்பு இழுத்த அன்றைக்குத்தான், “அம்சா, விரல் பிரிஞ்சிடுச்சிமே” என்று சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரித் தூங்கினான். பொட்டலத்தில் கிடந்த விதையைக் கொல்லையில் போட்டது அவன். தண்ணீர் ஊற்றியது அவள்.

பர்சனல் ஆபீசர் கண்ணப்பனிடம் போய், தலைப்பு வேண்டாம் சார், வேறு யாரையாவது பேசச் சொல்லுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரே உன் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறார், உன்னை நிரந்தரம் பண்ணுகிற பேச்சு ஓடுகிற நேரத்தில் இப்படிப் பின்வாங்கினால் என்ன நினைப்பார்கள் என்றார் அவர். வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான். புருஷோத்தமனோ சிரித்தான். பேசு, பேசினால் யாருக்கு என்ன, வாயால் பேசுவதுதானே என்றான்.

பூஜையன்றைக்குச் சாயங்காலம் பந்தல் நிறைந்திருந்தது. முன்வரிசையில் இன்ஸ்பெக்டர். தொடக்கிவைத்துப் பேசியபோதே, பொட்டலம் வைத்திருப்பதை விடுங்கள், ஒரே ஒரு செடி வளர்த்தாலும் அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ளே தள்ளச் சட்டம் இருக்கிறது என்று விரலை விரித்துக் காட்டினார். அம்சவல்லி அந்த ஐந்து விரலையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஒப்புக்குப் பேச வந்த ஜெபகுமார் ஒப்புக்குப் பேசவில்லை. அதுதான் வினை. அரசாங்கமே மலிவு விலையில் சாராயம் விற்று, இந்த வருஷம்தானே நிறுத்தியிருக்கிறது, அதைக் குடித்து எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது, இந்தச் செடியால் எத்தனை வந்தது, கணக்குச் சொல்லுங்கள் என்றான். வெள்ளைக்காரன் காலத்தில் லைசென்ஸ் கொடுத்து விற்ற சரக்குதானே என்றான். பந்தலில் சிரிப்பும் விசிலும். பிறகு குரலைத் தாழ்த்தினான். அவனும் முன்பு அதே பிரஸ் ஷாப்பில் இருந்தவன், புருஷோத்தமனின் சிநேகிதன்.

“மெஷின்ல கை போனவன் ஒவ்வொரு ராத்திரியும் இன்னா பாடு படறான்னு இங்க யாருக்குனா தெரியுமா? அவனுக்கு மருந்து எது, போதை எதுன்னு நாம யாரு சொல்றதுக்கு?”

அம்சவல்லி மனசுக்குள் வைத்திருந்ததையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் அவன் சொல்லிவிட்டான். இனி அவள் எழுந்து அதை வெட்டிப் பேச வேண்டும்.

எழுந்தாள். முதல் ரெண்டு வார்த்தை தடுமாறியது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தான். அவ்வளவுதான், அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. வலி யாருக்குத்தான் இல்லை, பிள்ளை பெற்ற பொம்பளைக்கு இல்லாத வலியா, அவள் என்ன புகை விட்டுக்கொண்டா படுத்திருக்கிறாள் என்று ஒரு போடு போட்டாள். பொம்பளைகள் பக்கம் கைதட்டல் அதிர்ந்தது. ஒருத்தனுக்கு மருந்து என்று கதவைத் திறந்தால் பின்னாலேயே ஒன்பது பயல்கள் நுழைவார்கள், ஷிப்டுக்குப் போகிற பிள்ளை மெஷினில் கையை விட்டுவிட்டு வருவான், அப்புறம் அந்தக் கைக்கு எந்தச் சட்டம் பதில் சொல்லும் என்றாள். கைதட்டல் ஓயவில்லை. அது அவளைத் தூக்கிக்கொண்டு போனது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்டது. மேடைப் பேச்சுக்காரர்கள் முடிக்கிற இடத்தில் கையை உயர்த்தி ஒரு சவால் விடுவார்கள் இல்லையா, அதை விட்டாள்.

“கஞ்சா எங்க கீதுன்னு ஊரெல்லாம் தேடறீங்களே, முதல்ல என் வூட்டுக்கு வாங்க. என் வூட்லேர்ந்து ஆரம்பிங்க. ஒரு தழை கெடைச்சா என் கையில வெலங்கு மாட்டுங்க!”

பந்தல் எழுந்து நின்று தட்டியது. நடுவர் தீர்ப்புச் சொல்வதற்குள் இன்ஸ்பெக்டரே மேடையேறிவிட்டார்.

“இதாம்மா பேச்சு. இப்பவே போலாம் வா. இந்தத் தங்கச்சி வூட்ல ஆரம்பிக்கிறோம், ஊரு பார்க்கட்டும்.”

அவருக்கு இது வேடிக்கை. நல்ல காரியத்தை நல்ல வீட்டில் தொடங்குகிறோம் என்கிற சந்தோஷம். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், தூங்குவார் என்றாள் அம்சவல்லி. அப்போ அவரையும் பார்த்து நலம் விசாரித்துவிட்டு வருவோம் என்றார். வீடு குப்பையாகக் கிடக்கிறது என்றாள். நாங்கள் என்ன பெண் பார்க்கவா வருகிறோம் என்று கண்ணப்பன் சிரித்தார். பாதிப் பந்தல் பின்னாலேயே கிளம்பியது. அவள் முன்னால் நடக்க வேண்டும், வழி காட்ட வேண்டியவள் அவள்தானே. ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. பாவி, எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் உனக்கு அந்த ஒரு வார்த்தையை விழுங்க?

தெருமுனைக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். மின்கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. காலையில் அதைக் கட்டியபோது, காது கிழியப்போகிறது என்று புருஷோத்தமன் முணுமுணுத்தது நினைவுக்கு வந்தது. அப்படியானால் அவன் எல்லாவற்றையும் கேட்டிருப்பான்.

வாசலில் அவன் நின்றிருந்தான். குளித்து, சட்டை மாற்றி, மொட்டைக் கையைத் துண்டால் மூடியிருந்தான். வாங்க சார் என்று வழிவிட்டான். இன்ஸ்பெக்டர் கூடத்தைப் பார்த்து, பரண் பக்கம் பேருக்கு எட்டிப் பார்த்துவிட்டு, கொல்லைக்கே போய்விட்டார். ஒரு கான்ஸ்டபிள் லத்தியால் தட்டியை விலக்கினான். சாமந்திகள் நின்றன. நடுவே ஈர மண். அதன்மேல் அவர்களுடைய வெள்ளாடு கட்டியிருந்தது. வாய் ஓயாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் அதன் முதுகைத் தட்டினார். “ஆடு நல்லா மினுமினுன்னு கீதே. இன்னாப்பா போடறீங்க?”

“சாமந்தித் தழைதான் சார்” என்றான் புருஷோத்தமன்.

அவன் வாயைத் திறந்தபோதுதான் அம்சவல்லி பார்த்தாள். பல்லிடுக்கில் மண். உதட்டோரத்தில் ஒரு கோடு ரத்தம். இன்ஸ்பெக்டர் பார்த்துவிடப் போகிறார் என்று அவள் நடுவில் புகுந்து, டீ போடட்டுமா சார் என்றாள். அவர் வேண்டாம் என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

வீடு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். அடுத்த சனிக்கிழமை பென்னலூரில் கூட்டம், அதற்கப்புறம் ஊர் ஊராக, எல்லாவற்றிலும் இந்தத் தங்கச்சிதான் பேசும், கூட்டம் முடிந்ததும் ஆட்களைக் கூட்டிவந்து இதே மாதிரி வீட்டைக் காட்டும் என்றார். கம்பெனிக்கு இவ்வளவு பேர் வாங்கிக்கொடுத்தவளை நிரந்தரம் பண்ணாமல் எப்படி என்று கண்ணப்பனும் சொல்லிவைத்தார். ஊரே அவளைப் பார்த்தது. அம்சவல்லி தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்?

எல்லோரும் போனதும் கதவைத் தாழிட்டு அங்கேயே சாய்ந்து உட்கார்ந்தாள்.

“ஒத்தைக் கையால புடுங்க வரலமே” என்றான் அவன். “வேரு உள்ள போயிட்டிருந்திச்சி. பல்லால கடிச்சி இழுத்தேன். காய வெச்சிருந்ததையும் ஆட்டுக்கே போட்டுட்டேன். இனிமே ஒரு தழை கெடையாது.”

அவள் முந்தானையால் அவன் உதட்டைத் துடைத்தாள். அழுகை வந்தது. திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

“நல்லாத்தான் பேசின” என்றான்.

கொல்லையில் ஆடு காலை நீட்டி, தலையை மண்ணில் வைத்து, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே பொழுது நன்றாகச் சாய்ந்துவிட்டது. புருஷோத்தமனின் தாடை இறுகுவதை அவள் பார்த்தாள். துண்டு கீழே விழுந்தது.

“மடங்குது அம்சா.”

அவள் அவன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மணிக்கட்டு முடிகிற இடத்துக்குக் கீழே, ஒன்றுமில்லாத இடத்தில் கையை வைத்தாள். சுண்டு விரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிடத் தொடங்கினாள். மின்கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்துவிட்டு, வருகிற சனிக்கிழமை பென்னலூரில் மண்ணூர் அம்சவல்லி பேசுகிறார், அனைவரும் வருக என்று அறிவித்தது.

“பிரிஞ்சிதாயா?” என்று கேட்டாள்.

“இல்ல” என்றான். அவள் மறுபடியும் சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்தாள்.