மேலுதட்டு முடி போன இடம்

எங்கள் தெருப் பெண்கள் பார்லரில் எடுத்த முடி, மறுநாள் காலை, யார் சொல்லி எடுத்தார்களோ அவர்கள் உடம்பில் முளைத்தது. முதலில் மாட்டியவர் ஜவுளிக்கடை மேலாளர். விற்பனைப் பெண்களின் கை வழவழவென்று இருந்தால்தான் துணி விலை போகும் என்று உத்தரவு போட்டவர். பதினோரு பெண்களின் கை முடியும் அவர் காதில் இறங்கியதில், போனை எந்தப் பக்கம் வைப்பது என்று திண்டாடினார். கல்யாணத்துக்கு முன்னால் மருமகளின் முகத்தைக் குறை சொன்ன மாமியாருக்கு மூன்றாவது புருவம் வந்தது. தெருக்கோடியில் ஒரு பெண்ணின் வழவழப்பான காலைக் காட்டிய ரேஸர் விளம்பரப் பலகைக்குத் தாடி வளர்ந்தது. மாநகராட்சி மாதம் இரண்டு முறை ஏணி போட்டு மழித்தது. பார்லர் வராத காலத்தில் எந்தப் பெண்ணின் காலில் முடி இருந்தது என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை. பார்க்க வேண்டும் என்று அப்போது ஒருவருக்கும் தோன்றியதில்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், அதாவது இதை எழுதுகிறவள், இதையெல்லாம் பார்த்துச் சிரித்தாள். அவள் முடி அவளுக்கே திரும்பி வந்தது, அதுவும் இரண்டு பங்காக. "நான் எனக்காகத்தான் எடுத்துக்கறேன், எவன் சொல்லியும் இல்ல" என்று மகளிர் கூட்டத்தில் அரை மணி நேரம் முழங்கினாள். வாரத்துக்கு இரண்டு தடவை பார்லருக்கு ஓடியதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

மகளுக்குப் பதிமூன்று வயதானபோது பள்ளியில் வகுப்புப் போட்டோ வந்தது. முந்தின நாள் சாயங்காலம் அவளைக் கையோடு பார்லருக்கு இழுத்துப் போனாள்.

"எனக்கு வேணாம்மா."

"மேலுதடு மட்டும்தான்டி, ரெண்டே நிமிஷம். உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்."

பார்லர்க்காரம்மா நூலைப் பல்லில் கடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். மகள் கண்ணில் தண்ணீர் நின்றது. "அவளாத்தான் ஆசைப்பட்டா" என்று செயலாளர் சொல்லிவைத்தாள். முடியிடம் இந்தச் சாமர்த்தியமெல்லாம் எடுபடவில்லை.

காலையில் செயலாளரின் மேலுதட்டில் பதிமூன்று வயது மீசை இருந்தது, மெத்தென்ற பூனை முடி. மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள். மகள் தட்டித் திறக்க வைத்து, ஒரு விரலால் அதைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தானேம்மா இருக்கு. எனக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

மேடையில் முழங்கியவளுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வந்தது. அந்த மாதச் சங்கக் கூட்டத்துக்கு மீசையோடுதான் போனாள். தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றி ஒன்றரை மணி நேரம் பேச்சு ஓடியது. மீசையை இன்னும் எடுக்கவில்லை. மகள் கேட்கிற அன்று திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று வைத்திருக்கிறாள்.