பத்தொன்பது நாள் ஓடிய கம்பி

ஈப்போவில் விஸ்வலிங்கத்தின் கல் பட்டறைக்கு அந்த மின்சார இயந்திரம் வந்து இறங்கியபோது, அதை முதலில் தொட்டவன் சன்னாசி. மற்றவர்களுக்குப் பயம். சன்னாசிக்கும் பயம்தான். ஆனால் லகாட் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டு உருட்டும் மெஷினுக்குப் பத்து வருஷம் எண்ணெய் விட்டவன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அப்படிச் சொன்ன ஆள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தால் நன்றாகவா இருக்கும்? ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆள் குறைத்தபோது ஈப்போவுக்கு வந்தவன் அவன். இயந்திரம் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில்.

கல் பட்டறை என்றால் அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிற இடம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே செய்தது சமாதிக் கல். செத்துப்போன துரைமார்களின் பெயரையும் தேதியையும் வெள்ளைச் சலவைக்கல்லில் வெட்டிக் கொடுப்பார்கள். விஸ்வலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் படம் வரைகிற உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், நெற்றியில் திருநீறு இல்லாமல் ஒருநாளும் வெளியே வராதவர். ஓர் எழுத்து மயிரிழை சாய்ந்திருந்தாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பட்டறையில் எல்லாரும் உளியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

இயந்திரம் ஒன்றும் பெரிதில்லை. உத்தரத்தில் கொக்கி போட்டு ஒரு சின்ன மோட்டாரைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு வளைந்து தொங்கும் உறை. உறைக்குள்ளே, பல இழைகளை முறுக்கிச் சுற்றிய எஃகுக் கம்பி. மோட்டார் சுற்றினால் கம்பி சுற்றும். கம்பி சுற்றினால் கீழே கைப்பிடியின் நுனியில் இருக்கும் சாணை முனை சுற்றும். அந்த முனையால்தான் எழுத்து வெட்டுவது.

வெட்டுகிறவன் பத்துமலை. இருபத்தாறு வயது, இந்த நாட்டிலேயே பிறந்தவன். உளியும் சுத்தியும் பிடித்து இரண்டு நாளில் முடிக்கிற வரியை இயந்திரத்தில் அரை நாளில் முடித்துவிடுவான். கை எவ்வளவு நறுக்கோ வாய் அதைவிட நறுக்கு. சன்னாசியை ‘எஞ்சின் டிரைவர்’ என்றுதான் கூப்பிடுவான். சன்னாசி மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை உறையைக் கழற்றி, கம்பியை உருவி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, விரலால் மெல்லிசாகக் கிரீஸ் தடவுவதைப் பார்த்து, “டிரைவருக்குப் பிள்ளை குளிப்பாட்டுற நாளு” என்பான். பட்டறையே சிரிக்கும். சன்னாசியும் சிரித்து வைப்பான், ஆனால் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தான்.

அந்த வேலையில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. கிரீஸ் குறைந்தால் கம்பி சூடேறித் தேயும். கூடிப்போனால் சுற்றுகிற வேகத்தில் கீழே இறங்கிக் கைப்பிடி வழியாகக் கல்லில் சொட்டும். சலவைக்கல் எண்ணெயைக் குடித்துவிட்டால் குடித்ததுதான், எதைப் போட்டுத் தேய்த்தாலும் கறை போகாது. கழுவிய கம்பியை மறுபடி போடும்போது மேல் முனையைக் கீழாக மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரேபோலத் தேயும் என்பதைச் சன்னாசி தானாகவே கண்டுபிடித்தான். எல்லாவற்றையும்விட முக்கியம், உறையைச் சுண்டி வளைக்கக் கூடாது. ஒரு முறத்தின் வளைவுக்குமேல் வளைத்தால் கம்பி உள்ளே முறுக்கிக்கொள்ளும். இதைப் பத்துமலையிடம் வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்லுவான்.

இயந்திரத்தோடு வந்த கம்பி ஒரு வருஷம் ஓடியது. அதற்குப் பிறகு இழைகள் பிரியத் தொடங்கவே, சிங்கப்பூருக்கு எழுதிப்போட்டுப் புதுக்கம்பி இரண்டு வரவழைத்தார்கள். முதல் கம்பியை மாட்ட விஸ்வலிங்கம் நாள் பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய், ஒரு பொட்டலம் திருநீற்றோடு வந்து, “பூசிப்போட்டு மாட்டும்” என்று சன்னாசியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

சன்னாசி யோசித்தான். மோட்டாருக்கு மூன்று கோடு இழுத்தான். உறைக்கும் இழுத்தான். மனசு ஆறவில்லை. உறை வெறும் சட்டை, உழைப்பது உள்ளே இருக்கிற கம்பி. சாமி பிரசாதத்தைச் சட்டைக்குப் பூசிவிட்டு ஆளை விட்டுவிடுவதா? கிரீஸ் தடவிய கம்பியின்மேல் மிச்சத் திருநீற்றை முனை முதல் முனைவரை பயபக்தியோடு தூவித் தடவி, கண்ணில் ஒற்றிக்கொண்டு உறைக்குள் விட்டான். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தப்பென்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

பத்தொன்பதாம் நாள் கம்பி அறுந்தது.

சும்மா அறுந்திருந்தால் பரவாயில்லை. அறுவதற்கு முன் ஒரு நொடி இறுகிப் பிடித்து, கைப்பிடி பத்துமலையின் கையிலிருந்து துள்ளியது. ஓடிக்கொண்டிருந்த முனை, முக்கால்வாசி முடிந்த ஒரு துரையின் பெயர்மேல் குறுக்கே கோடு கிழித்துவிட்டு நின்றது. கல் இத்தாலியிலிருந்து வந்தது. கல்லறையில் கல் நடுவதற்கு மூன்று வாரம்தான் இருந்தது. விஸ்வலிங்கம் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை.

“ஒரு வருசம் ஓடினது போய், மூண்டு கிழமையும் ஓடேல்லையோ? என்ன நடந்தது?” என்று சன்னாசியைத்தான் கேட்டார்.

சன்னாசி அப்போது உறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்து பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வருஷமாக வாங்கிய ‘டிரைவர்’ பட்டமெல்லாம் அந்த நேரத்தில் தொண்டைக்கு வந்தது.

“வளைக்காதேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்யா. கேட்டாத்தானே” என்றான்.

பத்துமலைக்கு வாய் அடைத்துப்போனது. அவன் வாய் அடைத்ததை அன்றைக்குத்தான் பட்டறை பார்த்தது. கல்லின் ஓரத்தில் கடைசி எழுத்து வெட்டும்போது உறையைக் கொஞ்சம் அதிகமாகத்தான் இழுத்தேனோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது. எழுத்து வெட்டுகிற யாருக்கும் கல்லின் ஓரத்தில் கை அப்படித்தான் போகும். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று விஸ்வலிங்கம் அவனிடம் சொன்னார்.

எல்லாரும் போன பிறகு சன்னாசி உறையைக் கழற்றினான். கம்பியோடு சேர்ந்து கிரீஸ் வரவில்லை. சாம்பல் நிறத்தில், காய்ந்த களிம்பு மாதிரி ஒன்று வந்தது. விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தான். நறநறவென்றது. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் அவன் பெண்சாதி மாரியம்மா செம்பும் குத்துவிளக்கும் துலக்குவது எதைப் போட்டு? சாம்பலைப் போட்டுத்தான். சாம்பல் கிரீஸைக் குடித்துவிட்டு, மிச்சத்தை வைத்துக்கொண்டு பத்தொன்பது நாளும் கம்பியைத் துலக்கியிருக்கிறது. அறுந்த இடம் வளைவிலேயே இல்லை. மோட்டாரை ஒட்டி, உறை நேராகத் தொங்குகிற இடத்தில் இழைகள் நூலாகத் தேய்ந்து போயிருந்தன.

பத்துமலைமேல் தப்பில்லை. அது அந்த நேரத்திலேயே சன்னாசிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவன் கை என்ன செய்தது என்றால், வழக்கம்போல மண்ணெண்ணெய் டின்னை எடுத்தது. கம்பியையும் உறையையும் ஒரு துளி சாம்பல் இல்லாமல் கழுவி, அழுக்கெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுத்தான் ஓய்ந்தது.

இரண்டாவது கம்பியை மாட்டும்போதும் விஸ்வலிங்கம் திருநீறு கொடுத்தார். சன்னாசி மோட்டாருக்கு மட்டும் பூசினான். ஆனால் இயந்திரத்தைப் பிடிக்க ஆள் இல்லை. பழனியப்பன் என்ற பழைய கொத்தன் கோடு விழுந்த முகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, உளியை வைத்து மறுபடி தட்டிக்கொண்டிருந்தான், மூன்று வாரத்தில் அந்தப் பெயரை அவன் முடிப்பான் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லகாட்டில் ஒரு காதுகுத்துக்குப் போன இடத்தில் சன்னாசி பத்துமலையைப் பார்த்தான். ஈயச் சுரங்கத்தில் மண் சுமந்துகொண்டிருந்தானாம். வலது கையில் துணி சுற்றியிருந்தது. மண் தட்டின் விளிம்பு அறுத்து இரண்டு விரல்கள் சீழ் பிடித்திருந்தன. எப்படி இருக்கே என்று கேட்டதற்கு, “இருக்கேண்ணே” என்றான். டிரைவர் என்று சொல்லவில்லை. சன்னாசிக்கு விருந்துச் சோறு இறங்கவில்லை. ஒரு மனுஷனின் கையைத் தன் வாயால் கெடுத்துவிட்டோம் என்று அவனுக்கு அவன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை காலை விஸ்வலிங்கத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றான். ஒன்றையும் மறைக்கவில்லை. கம்பிக்குள் திருநீறு பூசியது, பார்க்காமலே பழி சொன்னது, பார்த்த பிறகு கழுவியது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். சொல்லி முடிக்கும்போது வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

விஸ்வலிங்கம் மேசையிலிருந்த படத்தாளைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு அறுந்த கம்பி எங்கே என்று கேட்டார். எடுத்து வந்து காட்டினான். கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தது. திருநீறு எங்கே என்று கேட்டார். கழுவிவிட்டேன் ஐயா என்றான். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“திருநீறு இரும்பைத் தின்னுமோ சன்னாசி? நான் அறுபது வருசமாப் பூசுறன், என்ர நெத்தி தேயேல்லை. அவனில இரக்கப்பட்டுச் சொல்லுறீர், எனக்கு விளங்குது. நீர் நல்ல மனுசன். பொய் சொல்லத்தான் தெரியேல்லை” என்றார். சன்னாசி வாயைத் திறப்பதற்குள், “உமக்காகத்தான் அவனை எடுக்கிறன். வரச் சொல்லும்” என்று சொல்லிவிட்டுப் படத்தாளை விரித்தார்.

இருக்கிற கம்பியில் திருநீற்றைப் பூசி ஓடவிட்டுக் காட்டினால் என்ன என்று சன்னாசிக்குத் தோன்றாமல் இல்லை. அறுந்தால் வேறு கம்பி சிங்கப்பூரிலிருந்து வர இரண்டு மாதம் ஆகும். துரையின் கல் நின்றுபோகும். அதுவும் யார் கையில் அறும்? பத்துமலையின் கையில். மறுபடியும் எல்லாரும் அவன் மணிக்கட்டைத்தான் பார்ப்பார்கள்.

பத்துமலை புதன்கிழமை வந்தான். சன்னாசி அவனைப் பட்டறைக்குப் பின்னால் கூட்டிப்போய் அவனிடமும் முழுக்கச் சொன்னான். பத்துமலை பொறுமையாகக் கேட்டான்.

“ஐயா எல்லாத்தயும் சொன்னாருண்ணே. எனக்காகப் பழிய நீங்க தலையில போட்டுக்கிட்டீங்கன்னு. போதும்லா, விடுங்க” என்றான். அப்படியே குனிந்து சன்னாசியின் காலைத் தொட்டான். ஒரு வருஷம் கேலி செய்த வாய் அது. அடித்திருந்தால்கூடச் சன்னாசி தாங்கியிருப்பான்.

துரையின் கல் நாள் தவறாமல் முடிந்தது. கம்பியும் அறுந்துபோகவில்லை. ஒரு மாதம் ஓடியது, மூன்று மாதம் ஓடியது, எட்டு மாதம் ஆகியும் ஓர் இழை பிரியவில்லை. பார்த்தீர்களா, பிடிக்கிறபடி பிடித்தால் கம்பி ஏன் அறுந்துபோகப் போகிறது என்று வருகிறவர்களிடம் விஸ்வலிங்கமே சொல்லுவார். பத்துமலையும் ஆமாம் என்று தலையாட்டுவான். அவன் இப்போது உறையை வளைப்பதே இல்லை. எழுத்துக்கு எழுத்து இயந்திரத்தை நிறுத்தி, மணைக்கட்டையை நகர்த்திப் போட்டு, கல்லின் மறுபக்கம் போய் உட்கார்ந்து, உறை நேராகத் தொங்குகிறதா என்று நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் முனையை வைப்பான். அரை நாளில் முடித்த வரி இப்போது ஒன்றரை நாள் ஆனது.

ஒரு சனிக்கிழமை சன்னாசி கம்பியை உருவிக் கழுவிக்கொண்டிருந்தபோது பத்துமலை பக்கத்தில் வந்து குந்தினான். கம்பியை விரலால் தடவிப் பார்த்தான்.

“புதுசாட்டம் இருக்குண்ணே. அன்னிக்கு ஓரத்து எழுத்துக்கு நான் ரொம்பத்தான் இழுத்திட்டேன். தெரியாத்தனம். இனிமே வளைக்கவே மாட்டேன்” என்றான்.

சன்னாசி கிரீஸ் டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தான். ஏற்கெனவே இரண்டு பேரிடம் சொல்லியாகிவிட்டது. மூன்றாவது தடவையாக எப்படி ஆரம்பிப்பது என்று பார்த்தான்.

“சரி தம்பி” என்றான். “பாத்துப் பிடி.”