கிளட்ச் மாற்றாத ஐந்து வாரங்கள்

லீமா டீச்சர் தினமும் பள்ளிக்கு ஓட்டிப்போன கார் அவளுக்காக வாங்கியது அல்ல. அவள் கணவன் ஜஸ்டஸ் கத்தாரில் ஒரு எரிவாயு ஆலையில் வேலை பார்த்தான். 2010-இல் லீவுக்கு வந்தபோது கோயம்புத்தூரில் யாரோ விற்ற சிவப்பு டர்போ பெட்ரோல் காரை வாங்கினான். அதன் வேகமும் போதாமல் கொச்சிக்குக் கொண்டுபோய், எஞ்சினின் கம்ப்யூட்டரில் எரிபொருள் அளவைச் சொல்லும் மேப்பை மாற்றி, பவரை இன்னும் ஏற்றிக்கொண்டு வந்தான். நாற்பது நாள் ஆசை தீர ஓட்டினான். விமானம் ஏறும் அன்று சாவியை அவளிடம் கொடுத்தான்.

"சும்மா போட்டா பாட்டரி எறங்கிரும் ஏட்டி. நீ ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போ."

குளச்சலில் வீடு. திருவட்டாற்றில் பள்ளிக்கூடம். அவள் அங்கே பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தாள். அதுவரை மூன்று பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தவள் காரில் போகத் தொடங்கினாள். முதலில் பயம்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, முட்டம் ரோட்டில் ஆள் இல்லாத இடத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பார்த்தாள். முதுகு சீட்டோடு ஒட்டியது. வாய்விட்டுச் சிரித்தாள். வண்டிக்குள் வேறு யாரும் இல்லை. மகள் ஜெனிலா சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாள். அந்தச் சிரிப்பை லீமா யாரிடமும் சொல்லவில்லை.

2012 ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம் வண்டி வித்தியாசமாக நடந்தது. வேர்கிளம்பி தாண்டி ஏற்றத்தில் மிதித்தால் எஞ்சின் மட்டும் உறுமியது, வேகம் கூடவில்லை. இறங்கி நின்றபோது கருகிய வாடை.

தக்கலையில் பொன்னுலிங்கத்தின் ஒர்க் ஷாப்பில் காட்டினாள். அவர் பதினோரு வருடம் ஷார்ஜாவில் வேகமான கார்களை மட்டும் பழுதுபார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"கிளட்ச் வழுக்குகு டீச்சரே. இது கம்பெனி கொடுத்த பவருக்கு உள்ள கிளட்ச். சார் அதுக்கு மேல ஏத்தி வச்சிருக்காரு, தாங்கல்ல. இப்ப ரெண்டு வழி உண்டு. கடுப்பமான கிளட்ச் ஒண்ணு போடலாம், ஸ்பிரிங்குக்கு பலம் கூடுதல், எவ்வளவு பவரையும் பிடிக்கும். இல்லன்னா பழைய மாதிரியே ஒண்ணு போட்டு, ஏத்தின பவர எறக்கணும்."

"எது நல்லது?"

"ஓட்டுகது ஆரு?"

"நான்தான்."

மூலையில் நின்ற ஒரு நீல நிறக் காரைக் காட்டினார். ரேஸுக்குப் போகிற ஒருவருடையது, அந்தக் கடுப்பமான கிளட்ச் போட்டது. "தக்கலை ஜங்ஷன் வரைக்கும் போயிட்டு வாருங்கோ," என்றார்.

பெடலை மிதிக்க அவள் இடுப்பை சீட்டில் அழுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. மெதுவாக விட்டால் வண்டி உதறியது, கொஞ்சம் வேகமாக விட்டால் பாய்ந்தது. பஸ் ஸ்டாண்டு முன்னால் நெரிசலில் இருபது தடவையாவது மிதித்திருப்பாள். திரும்பி வந்து இறங்கியபோது இடது கால் முட்டு வலித்தது. அந்த முட்டில் ஏற்கெனவே தேய்மானம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பாத்தியளா?" என்றார் பொன்னுலிங்கம். "ரேஸுக்கு அது கொள்ளாம், நல்லதுதான். தெனமும் ஸ்கூலுக்குப் போக நான் சொல்லமாட்டேன். சார்ட்ட பேசிட்டுச் சொல்லுங்கோ. அதுவரை மிதிச்சு ஓட்டாதீங்க."

ஜஸ்டஸ் வழக்கமாக வெள்ளிக்கிழமைகளில் கூப்பிடுவான். "சாப்பிட்டியா? மோளு விளிச்சாளா? வேற என்ன?" இரண்டு நிமிடம். அந்த 'வேற என்ன'வுக்குப் பிறகு பேச்சு இருக்காது. பதினெட்டு வருடக் கல்யாணத்தில் இருவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருடம்கூட வராது. சண்டை என்று எதுவும் கிடையாது. சண்டை போடவும் பழக்கம் வேண்டுமே.

அன்று செவ்வாய்க்கிழமை. அவள் கிளட்ச் பற்றிக் குறுஞ்செய்தி அனுப்பிய கால் மணி நேரத்தில் போன் அடித்தது.

"எத்தனாவது கியர்ல வழுக்குகு? ஏத்தத்திலயா, நேர் ரோட்டிலயுமா?"

அவள் சொன்னாள். அவன் நாற்பது நிமிடம் பேசினான். கிளட்ச் தட்டு எப்படிப் பிடிக்கிறது, ஸ்பிரிங்கின் அழுத்தம் எதற்கு, செராமிக் தட்டு ஏன் சூடு தாங்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அவன் இவ்வளவு பேசுவான் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. "பின்ன என்ன, கடுப்பமானதே போட்டிரு," என்றான் கடைசியில். "பவர எறக்கினா அது பின்ன வண்டியா?"

முட்டு வலியைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இன்றோடு முடிவாகிவிடும் என்று தோன்றியது. "யோசிப்போம்," என்றாள். "நாளைக்கு பொன்னுலிங்கம் அண்ணன்ட்ட இன்னொரு விவரம் கேட்டுச் சொல்லுகேன்."

மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு அவனே கூப்பிட்டான்.

அப்படித்தான் தொடங்கியது. மதிய இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரில் அவள் கிளட்ச் பற்றிப் படித்தாள். சாயங்காலத்துக்கு ஒரு கேள்வி தயார் செய்துகொள்வாள். கிளட்ச் தட்டு பிடிக்கிற பிளைவீலையும் மாற்ற வேண்டுமா? செராமிக் இல்லாமல் வேறு தட்டு உண்டா? அவன் உற்சாகமாகப் பதில் சொல்வான். நடுவில் வேறு பேச்சும் வந்தது. ரூமில் கூட இருக்கிற மலப்புறத்துக்காரர் குறட்டை விடுவது, ஆலையில் ஒரு பங்களாதேஷ்காரன் கை நசுங்கியது, பழைய லீவில் ஒருநாள் பேச்சிப்பாறை அணைக்குப் போய் மழையில் மாட்டிக்கொண்டது. போன் வைத்த பிறகும் அவள் சமையலறையில் கொஞ்ச நேரம் அதே குரலில் தனக்குள் பேசிக்கொண்டிருப்பாள்.

இரண்டாம் வாரம் பொய் சொன்னாள். பொன்னுலிங்கம் மகள் வீட்டுக்குத் திருச்சூர் போயிருக்கிறார் என்றாள். மூன்றாம் வாரம், சாமான் டெல்லியிலிருந்து வரவேண்டும் என்றாள். நான்காம் வாரம் பொன்னுலிங்கமே அவளைக் கூப்பிட்டுத் திட்டினார்.

"டீச்சரே, நீங்க என்ன நெனச்சிட்டு இருக்கிய? வழியில நின்னுரும் கேட்டியளா."

"சார் இன்னும் முடிவு பண்ணல்ல அண்ணா," என்றாள். தான் சொல்லும் ஒவ்வொரு பொய்யும் இன்னும் ஒருநாள் பேச்சு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வெட்கமாகவும் இருந்தது. நாற்பத்தொரு வயதில், கட்டின புருஷனோடு பேச ஒரு தேய்ந்த இரும்புத் தட்டு வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் வாரம் வியாழக்கிழமை காலை, நல்ல மழை. வேர்கிளம்பி ஏற்றத்தில் வண்டி நின்றது. மிதித்தால் எஞ்சின் அலறியது, சக்கரம் அசையவில்லை. பிறகு மெதுவாகப் பின்னால் உருளத் தொடங்கியது. பின்னால் நிறையப் பயணிகளோடு அரசு பஸ். லீமா பிரேக்கை இறுக்கி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தாள். பஸ்ஸின் கண்ணாடி அவள் பின்கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பானெட்டிலிருந்து புகை வந்தது. கண்டக்டரும் நாலைந்து பேரும் மழையில் இறங்கி ரப்பர் தோட்டத்து ஓரமாக வண்டியைத் தள்ளி விட்டார்கள்.

"பயந்திட்டியளா டீச்சர்? பஸ்ஸில ஏறுங்க," என்றார் கண்டக்டர். வரவில்லை என்று தலையாட்டினாள். பஸ்ஸைப் போகச் சொன்னாள்.

ஜஸ்டஸுக்கு அழைத்தாள். வேலை நேரத்தில் அவன் போன் லாக்கரில் இருக்கும் என்று தெரியும். இருந்தும் மூன்று தடவை அழைத்தாள். பிறகு பொன்னுலிங்கத்தை அழைத்தாள். அவர் கயிறும் ஜீப்புமாக வரும்வரை ஒன்றரை மணி நேரம் கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த வாடைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"மூணு மிஸ்டு கால் கெடக்கு. வண்டிக்கு என்ன ஆச்சு? பிளைவீலும் போச்சா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஹலோ? லைன்ல இருக்கியா? எஞ்சின ஆஃப் பண்ணினியா இல்லியா?"

"ஏத்தத்தில பின்னால உருண்டுச்சு," என்றாள். "பின்னால பஸ்ஸு. நான் உள்ளதான் இருந்தேன்."

அவள் மேலே சொல்லிக்கொண்டே போனாள்.

"நாளைக்கு பழைய மாதிரி கிளட்ச் போடுகாரு. பவரையும் எறக்கச் சொல்லியாச்சு. எனக்கு முட்டு வலி. கடுப்பமானத என்னால மிதிக்க முடியாது. இது மொத நாளே எனக்குத் தெரியும்."

"பின்ன என்னத்துக்குட்டி அஞ்சு வாரம் இழுத்த?"

"முடிவு சொன்னா நீங்க விளிக்கமாட்டிய."

"அப்படிச் சொல்லாத," என்றான். பிறகு, "சும்மா விளிச்சாலும் பேசலாமே."

"என்ன பேசுவிய?"

"உனக்கு அடி எதாவது பட்டுதா?" என்று கேட்டான். இல்லை என்றாள். போனை வைத்துவிட்டு அழுதாள். அன்று சாப்பிடவில்லை.

வண்டி நான்கு நாளில் தயாரானது. பெடல் லேசாக இருந்தது, கியர் விழுவது தெரியவே இல்லை. கொச்சியிலிருந்து வந்த ஆள் லேப்டாப்பை இணைத்துப் பழைய மேப்பை ஏற்றினான். அந்த ஞாயிற்றுக்கிழமை முட்டம் ரோட்டில் அழுத்திப் பார்த்தாள். போனது. ஆனால் முதுகு சீட்டோடு ஒட்டவில்லை. அவளுக்கும் அது வருத்தம்தான்.

ஜஸ்டஸ் அந்த வாரம் முழுக்க தினமும் கூப்பிட்டான். என்ன கறி வைத்தாய், மழை உண்டா என்று கேட்டான். அடுத்த வாரம் மூன்று நாள். ஆகஸ்டில் மறுபடியும் வெள்ளிக்கிழமை மட்டும்.

டிசம்பரில் லீவுக்கு வந்தான். வந்த மறுநாள் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் சாவியை ஆணியில் மாட்டினான். அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை, "நானும் வருகேன்," என்று பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான். அவள் ஓட்டி அவன் உட்கார்ந்து போனது அதுதான் முதல் தடவை. திங்கள்நகரில் நெரிசல், அழகியமண்டபத்தில் அதைவிட. அவன் ரோட்டைப் பார்க்காமல் அவளுடைய இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"தெனமும் இப்படியா?"

"சாயங்காலம் இன்னும் கூட."

பள்ளி வாசலில் இறங்கி, வண்டி அவளுக்கு நிற்கட்டும் என்று பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினான். அன்று சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது முட்டுக்கு எண்ணெய் சுட வைத்திருந்தான். எந்த முட்டு என்று கேட்டான். அவள் காட்டினாள். அவன் கை முதலில் தயங்கியது.

ஜனவரி மூன்றாம் தேதி திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவனை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினாள். பிறகு அவன் வாரத்தில் இரண்டு நாள் கூப்பிட்டான். வண்டியைப் பற்றி அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மற்றதைப் பேச இருவருக்கும் சரியாக வரவில்லை. சில நாள் ஐந்து நிமிடம் பேசினார்கள். சில நாள் ஒன்றும் கிடைக்காமல், அவன் ரூமில் ஓடும் ஏசியின் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அவனும் உடனே போனை வைப்பதில்லை.