ஜன்னல் வழியே நீண்ட கம்பு

புருஷன் ஜவாஹிர் மௌத்தாகி அடக்கம் ஆனதிலிருந்து றஸ்மியா இத்தாவில் இருந்தாள்; நாலு மாதம் பத்து நாள் வாசற்படி தாண்டக் கூடாது, பிற ஆண்கள் முன்னால் வரக் கூடாது. அவளுடைய அறையோ பாய் விரித்தால் நடக்க இடமில்லாத அறை. அதற்குள் பத்தடி மூங்கிலை வைத்துத் தூண்டில் கம்பு செய்வதென்றால் சும்மாவா? நுனியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டுத்தான் மிச்சப் பக்கம் வேலை பார்த்தாள். கலேவெலயின் வெயிலும் காற்றும் அந்த நுனிக்குத்தான் கிடைத்தன. அதன் மேல் அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

கம்புகள் ஜவாஹிர் வெட்டிக் காயப்போட்டவை. அப்படியே விட்டால் வண்டு துளைத்துத் தூளாக்கிவிடும். புருஷனோடு கூடவே இருந்து செய்த வேலை, அவளுக்குத் தெரியாதா என்ன? கோணல் கணுவைக் கரிச்சட்டித் தணலில் காட்டுவாள். மூங்கில் எண்ணெய் கசிந்து மினுங்கும்போது முழங்காலில் வைத்து நிமிர்த்தி, ஈரத்துணியால் துடைப்பாள். பக்கத்து வீட்டு நுஸ்ரா அவற்றைக் குளத்தடிக் கடையில் விற்றுக் கொடுத்தாள். ஜவாஹிர் முன்பே செய்து வைத்தவை என்றுதான் றஸ்மியா அவளைச் சொல்லச் சொல்லியிருந்தாள். இத்தாவில் இருப்பவள் வியாபாரம் பண்ணுகிறாள் என்று ஊர் வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தால் அந்த வாயை யார் மூடுவது?

பலாபத்வலயிலிருந்து ஜவாஹிரின் அண்ணன் பாறூக் வந்தார். அறை வாசலில் தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நல்ல மனுஷன். அதுதான் சிக்கலே.

"இத்தா முடிஞ்ச கையோட எங்கட வீட்டுக்கு வந்திருங்க தங்கச்சி. இந்த வீட்ட வாடகைக்குக் குடுப்போம்."

"நான் சமாளிப்பேன் மச்சான்."

"எத வச்சி? தம்பி செஞ்சி வச்ச கம்பு எத்தன நாளைக்கி வரும்? வாற வழியில நானும் ஒண்டு வாங்கினேன். அவன்ட கை இனி யாருக்கு வரும்?" அவர் குரல் தழுதழுத்தது.

அது போன கிழமை றஸ்மியா செய்து நுஸ்ராவிடம் கொடுத்த கம்பு. சொன்னால் இத்தாவைக் கெடுத்தவள் என்று பேர். சொல்லாவிட்டால் காலம் முழுக்கப் பாறூக் வீட்டு அடுப்படி.

அவர் வருமுன் தணலில் காட்டி நிமிர்த்திய கம்பை ஜன்னலிலிருந்து உருவி, நுனிப் பக்கமாகப் பாதி வரை திரைக்கு அடியால் தள்ளினாள்.

"நடுக் கணுவத் தொட்டுப் பாருங்க. இன்னும் சூடு ஆறல்ல."

கம்பு லேசாக அசைந்தது; அவர் கணுவைத் தொட்டுப் பார்க்கிறார். வசவு வரப்போகிறது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வசவு வரவில்லை.

"மாஷா அல்லாஹ், நல்லதாப் போச்சி" என்றார் பாறூக், மெய்யாகவே சந்தோஷப்பட்டு. "எங்கட பின்வளவுல ஒரு அறை கட்டித் தாறேன். நீங்க உள்ளுக்கே இருந்து செய்ங்க, நான் கடையில விக்கிறேன். வெளிய எறங்கவே தேவல்ல."

இத்தாவுக்காவது ஒரு முடிவு உண்டு. இந்த அன்புக்கு முடிவே இருக்காதே என்று நினைத்தாள்.

"விடுங்க தங்கச்சி, முழுசாப் பாக்கிறேன்" என்று அவர் கம்பை இழுத்தார்.

அடிப்பக்கம் அவள் கையில் இருந்தது.

"அங்க இருந்தே பாருங்க மச்சான். செய்றதும் விக்கிறதும் நான்தான். இந்த வீட்ட விட்டு வரமாட்டேன்."

அவர் இன்னொரு தடவை இழுத்தார். அவள் விடவில்லை.